புளூடூத் ஸ்பீக்கரில் கழற்றிய 2 இன்ச் டிரைவரில் ஹெட்போன் செய்யலாமா?

செய்யலாம். உட்கார்ந்து பாட்டு கேட்கிற அளவுக்கு நன்றாகவே செய்யலாம். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு கணக்கு தலைகீழாக இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

நீங்கள் கேட்டது இதுதான்: பழுதான புளூடூத் ஸ்பீக்கரிலிருந்து 2 இன்ச், 4 ஓம் டிரைவர் (ஒலி எழுப்புகிற ஸ்பீக்கர் பாகம்) இரண்டைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள். அவற்றைக் காதை மூடுகிற ஹெட்போனாக மாற்ற வேண்டும். இவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் பாஸ் வருமா, போனில் நேரடியாகச் செருகலாமா, கப்புக்குக் கொட்டாங்கச்சி ஆகுமா என்பவை உங்கள் சந்தேகங்கள். டிரெபிள் எப்படியும் வந்துவிடும், பாஸ்தான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். காதில் மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும்.

ஏன் என்று பார்ப்போம். மேசை மேல் இருக்கிற ஸ்பீக்கர் அறை முழுக்க உள்ள காற்றை அசைக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் பாஸை ஒரு மீட்டர் தள்ளி 94 டெசிபெலில் கேட்க வேண்டுமென்றால், 2 இன்ச் கோன் (டிரைவரில் முன்னும் பின்னும் அசைகிற கூம்பு, பரப்பு ஏறக்குறைய 13 சதுர செ.மீ.) 4 செ.மீ. போய் வர வேண்டும். அந்தச் சின்ன டிரைவரால் இது ஆகவே ஆகாது. அதே டிரைவரைக் காதின் மேல் ஒரு பேட் வைத்து இறுக்கமாக மூடிவிட்டால், முன்னால் இருப்பது 60 கன செ.மீ. காற்று மட்டும். கோன் அசைந்தால் அந்தக் காற்று அமுங்கி விரிகிறது, அழுத்தம் நேராகச் செவிப்பறைக்குப் போகிறது. இப்போது அதே 94 டெசிபெலுக்குத் தேவையான அசைவு ஒரு மில்லிமீட்டரில் 3000-இல் ஒரு பங்கு. 50 ஹெர்ட்ஸ் என்றாலும் 20 ஹெர்ட்ஸ் என்றாலும் இதே அளவுதான். அதனால் பேட் காதோடு ஒட்டி மூடியிருக்கும் வரை பாஸுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டால் காற்று அந்த வழியாகத் தப்பித்துவிடும், பாஸும் கூடவே போய்விடும். டிரைவரை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட நல்ல பேட் வாங்குவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஸ்பீக்கரைக் கப்பில் போட்டு ஹெட்போன் ஆக்குவது புது யோசனையும் இல்லை. 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் கோஸ் கொண்டுவந்த முதல் ஸ்டீரியோ ஹெட்போன் அடிப்படையில் இதேதான்: இரண்டு கப், உள்ளே சின்ன ஸ்பீக்கர்கள், சுற்றி மெத்தை. அவர் விற்க நினைத்தது ஒரு கையடக்க ரெக்கார்ட் பிளேயரை. ஹெட்போன் அதற்குத் துணைப் பொருளாகத்தான் வந்தது. கடைசியில் துணைக்கு வந்ததே கம்பெனியின் பிழைப்பாகிவிட்டது.

இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருவோம். ஹெட்போனுக்கென்று செய்த டிரைவரின் சவ்வு மெல்லிய பிளாஸ்டிக். அதை அசைக்கிற கம்பிச் சுருளோடு (காயில்) சேர்த்தே ஒரு கிராமில் சிறு பங்குதான் எடை இருக்கும். உங்களுடையது ரப்பர் சரவுண்ட் (விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம்) வைத்த, கனமான கோன். சின்னப் பெட்டிக்குள் பாஸ் எடுக்க வேண்டும் என்பதற்காகவே அதைக் கனமாகச் செய்திருப்பார்கள். ஒவ்வொரு டிரைவருக்கும் தானாக அதிர விரும்பும் ஓர் இயற்கை அதிர்வெண் உண்டு. உங்களுடையதற்கு அது 150 ஹெர்ட்ஸ் என்றும், கோனைப் பிடித்திருக்கும் தொங்கலின் (சஸ்பென்ஷன்) இளக்கம், அடைத்துவைத்த 200 கன செ.மீ. காற்றின் இளக்கத்துக்குச் சமம் என்றும் வைத்துக்கொள்வோம். முன்னால் 60 கன செ.மீ., பின்னால் 60 கன செ.மீ. என்று இரண்டு பக்கமும் அடைத்தால், அந்தக் காற்று இரண்டும் இரண்டு ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்துக்கொள்ளும். 150 ஹெர்ட்ஸ் 415-க்கு ஏறிவிடும். அதற்குக் கீழே எல்லாம் சமமாக வரும். 415-ஐ ஒட்டி ஒரு மேடு. அதற்கு மேலே, கோனின் எடை தடுப்பதால், ஒலி சரிய ஆரம்பிக்கும். இந்தச் சரிவு ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும், 12 டெசிபெல் வரை போகும். இன்னும் மேலே, அலைநீளம் கப்பின் அகலத்தை நெருங்குகிற இடத்தில், ஒரே சீரான அழுத்தம் என்கிற கணக்கே மாறி, அங்கங்கே கூர்மையான மேடுகள் முளைக்கும்.

காதில் இது எப்படிக் கேட்கும்? பாடுகிறவர் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும். பாஸ் இருக்கும், தாராளமாகவே இருக்கும். ஆண் குரல் உப்பலாக வரும். ‘ச’, ‘ட’ போன்ற மெய்களின் விளிம்பு மழுங்கிவிடும். முதல் தடவை செய்கிற பலர் இதைக் கேட்டுவிட்டு டிரைவர் மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். டிரைவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது, அதைச் சுற்றி அடைத்திருக்கிற காற்றுதான் இப்படிச் செய்கிறது.

இதில் காதும் சேர்ந்துகொள்கிறது. செவிக்குழாய் ஏறக்குறைய 25 மி.மீ. நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அது 3400 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒத்ததிர்ந்து ஒலியைப் பெருக்கும். காது மடலின் குழியும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். பிறந்ததிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தூக்கலாகவே கேட்டுப் பழகிய மூளை, ஹெட்போனிலும் அதை எதிர்பார்க்கும். ஹார்மன் என்கிற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்து வகுத்த இலக்குக் கோட்டிலும் (ஹெட்போன் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று காட்டும் வரைபடம்) அந்த இடத்தில் பெரிய மேடு இருக்கிறது. உங்கள் டிரைவர் சரிகிற பகுதியும் மூளை தூக்கல் கேட்கிற பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குறை இரண்டு மடங்காகத் தெரிகிறது.

சரி, என்ன செய்வது? முதல் வேலை, பின்பக்கத்தைத் திறந்துவிடுவது. முன்னால் பேட் இறுக்கமாக மூடட்டும், பின்னால் மூட வேண்டாம், அல்லது வலை மட்டும் போடுங்கள். மேலே சொன்ன அதே கணக்கில் 415 ஹெர்ட்ஸ் 312-க்கு இறங்கும். காற்று ஸ்பிரிங் ஒன்று குறைந்துவிட்டதே. பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கும் உங்கள் பாட்டு கேட்கும், அது ஒன்றுதான் இதற்கு விலை. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்த எச்டி 414-ஐக் கொண்டுவந்த பிறகுதான் திறந்த ஹெட்போன் என்கிற வகையே பரவியது. வீட்டில் கேட்பதற்கு இன்றும் பலருக்கு அதுதான் பிடிக்கிறது.

இரண்டாவது வேலை, அந்த மேட்டை அடக்குவது. பழைய ஹெட்போன் ஒன்றை உடைத்துப் பார்த்தால் டிரைவரின் முதுகில் சின்னச் சின்ன ஓட்டைகளும், அவற்றின் மேல் வெள்ளையாக ஒரு காகிதமோ துணியோ ஒட்டியிருப்பதும் தெரியும். தூசிக்காக என்று நினைப்போம். உண்மையில் அது பிரேக். காற்று அதன் இழைகளுக்குள் சிரமப்பட்டுப் புகுந்து போவதால் கோனின் வீண் ஆட்டம் அடங்குகிறது. இதே வேலைக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப் போதும், ஹெட்போனை மாற்றியமைப்பவர்கள் பலரும் பயன்படுத்துவது அதைத்தான். ஸ்பீக்கர் கூட்டின் பின்பக்க ஜன்னல்களை அந்த டேப்பால் மூடுங்கள். ஒரு அடுக்கு ஒட்டிக் கேளுங்கள், பிறகு இன்னொன்று. உப்பல் குறைந்து குரல் முன்னால் வருகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கும் மேல் ஒட்டினால் மூடிய கப் மாதிரியே ஆகிவிடும். இடது வலது இரண்டிலும் அதே எண்ணிக்கை அடுக்கு இருக்கட்டும்.

கட்டுமானம் பெரிய விஷயமில்லை. 3 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அல்லது அக்ரிலிக் தகட்டில் டிரைவருக்கு வட்டமாக வெட்டி, முன்பக்கம் பேட், பின்பக்கம் டிரைவர். டிரைவர் உதட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்று ஒழுகக் கூடாது, மெல்லிய ஃபோம் வளையமோ சிலிக்கான் பசையோ வையுங்கள். பேட்டைப் புதிதாக வாங்குங்கள். பிரபல மாடல்களுக்கான மாற்றுப் பேட்கள் ஆன்லைனில் தனியாகவே கிடைக்கின்றன. காதைச் சுற்றி உட்காருகிற அளவு, உள்ளே மெமரி ஃபோம், மேலே ரெக்சின் மாதிரி காற்று புகாத உறை. துணி உறை வேர்க்காது, ஆனால் அதன் வழியாகவே பாஸ் கசியும். கண்ணாடி போடுகிறவர் என்றால் ஃபோம் மெத்தென்று இருப்பது இன்னும் முக்கியம், கண்ணாடிக் காம்பு பேட்டைத் தூக்கிவிடும்.

எடையைப் பாருங்கள். சென்ஹைசர் எச்டி 600 சுமார் 260 கிராம்தான். உங்கள் டிரைவரின் முதுகில் நாணயம் மாதிரி சின்னக் காந்தம் இருந்தால் நியோடிமியம், பிரச்சினை இல்லை. கறுப்பாக, தடியாக வளையம் இருந்தால் ஃபெரைட். அதை இரண்டு காதிலும் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார முடியாது. ஹெட்பேண்டை நீங்களே செய்ய மெனக்கெட வேண்டாம். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் செத்துப்போன ஹெட்போன் கிடைக்கும், அதன் பட்டையையும் கப்பைப் பிடிக்கிற கவட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாங்கச்சி ஆகும், ஆனால் பின்பக்க அலங்காரமாக மட்டும். பேட் உட்கார சமதளத் தகடு தனியாக வேண்டும். சும்மா உடைத்த சிரட்டையின் விளிம்பு மேடு பள்ளமாக இருக்கும், உப்புத்தாளைத் தரையில் விரித்து அதன் மேல் தேய்த்துச் சமப்படுத்துங்கள். இன்னொன்று, தேங்காயை வழக்கம்போல் குறுக்கே உடைத்தால் கண் இருக்கிற மூடி ஒன்று, கண் இல்லாத மூடி ஒன்று. ஜோடியாக இருக்க வேண்டுமென்றால் இரண்டு தேங்காய் உடைத்து, இரண்டின் கண் மூடிகளையும் எடுங்கள். மூன்று கண்களில் ஒன்று மெத்தென்று இருக்குமே, குத்தினால் துளை விழும். அதில் வயர் போகட்டும். மற்றக் கண்களையும், சுற்றிலும் சில இடங்களையும் துளையிட்டுப் பின்காற்றுக்கு வழி விடுங்கள். உள்ளே வளைந்த சுவர் ஒலியைத் திருப்பிக் கோன் மேலேயே குவிக்கும் என்பதால் கொஞ்சம் பஞ்சு அல்லது கம்பளித் துணி அவசியம். அமுக்கி நிரப்பாதீர்கள், உதிரியாக இருக்கட்டும்.

அடுத்து மின்சாரப் பக்கம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். போன், லேப்டாப், டைப்-சி டாங்கிள் எல்லாமே 16 ஓம், 32 ஓம் ஹெட்போனை மனதில் வைத்துச் செய்தவை. 4 ஓமை நேரடியாகச் செருகினால் மின்னோட்டம் போதாமல் ஒலி உடையும், சிலது பாதுகாப்புக்காக அணைந்துகொள்ளும். தொடராக 27 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் போன் பிழைக்கும், ஒலி கெடும். இயற்கை அதிர்வெண் அருகே டிரைவரின் மின்தடை எகிறும், தொடர் ரெசிஸ்டர் இருக்கும்போது அந்த இடத்தில் அதிக வோல்டேஜ் டிரைவருக்குப் போகும், நாம் கஷ்டப்பட்டு அடக்கிய மேடு திரும்ப எழுந்துவிடும்.

அதனால் இரண்டு ரெசிஸ்டராகப் போடுங்கள். தொடராக 22 ஓம், டிரைவருக்குக் குறுக்காக 2.2 ஓம். ஆம்ப் (போனுக்குள்ளோ தனியாகவோ இருக்கிற ஆம்ப்ளிஃபையர்) பார்க்கிற சுமை 23 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தால் தெரிவது வெறும் 2 ஓம், அதனால் கோன் மேல் இருக்கிற பிடி தளராது. ஒலி 24 டெசிபெல் குறையும். அது குறையவே வேண்டும்: ஸ்பீக்கர் ஆம்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் அறையில் தெரியாது, காதில் ஒட்டிவைத்தால் பாட்டுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு ரெசிஸ்டர் அதையும் சேர்த்து அமுக்கிவிடும். கால் வாட் ரெசிஸ்டரே போதும், விலை சில ரூபாய்தான். போனில் சத்தம் போதவில்லை என்றால் 15 ஓம், 3.3 ஓம் என்று மாற்றுங்கள். 19 டெசிபெல்தான் குறையும், சுமை 17 ஓம் பக்கம் இருக்கும்.

தனி ஆம்ப் வேண்டுமென்றால் டிடிஏ2822எம் ஐசி வைத்த போர்டு நல்ல ஆரம்பம். இரண்டு சேனலுக்கும் பொது கிரவுண்ட் இருக்கும், பேட்டரியிலும் ஓடும். அதன் வெளியீட்டில் பொதுவாக 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கும். 4 ஓமை நேராக மாட்டினால் அந்தக் கெப்பாசிட்டர் 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட ஆரம்பிக்கும். மேலே சொன்ன ரெசிஸ்டர் ஜோடி இருந்தால் அந்த எல்லை 14 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பிஏஎம்8403 என்று ஒரு சின்ன போர்டு எங்கும் கிடைக்கிறது, அதில் எச்சரிக்கையாக இருங்கள். அதன் நான்கு வெளியீட்டு முனைகளிலும் சிக்னல் ஓடுகிறது, கிரவுண்ட் என்று எதுவுமே இல்லை. சாதாரண 3.5 மி.மீ. ஜாக்கில் இடது, வலது இரண்டின் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு ஆம்புகளின் வெளியீடும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். அந்த போர்டைத்தான் பயன்படுத்துவேன் என்றால் காதுக்கு இரண்டு வயர், மொத்தம் நான்கு வயர் தனித்தனியாக ஓட்டுங்கள். உங்கள் பழைய புளூடூத் ஸ்பீக்கரின் போர்டும் இதே வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

போலாரிட்டியை, அதாவது பிளஸ், மைனஸ் எது என்பதை, சாதாரண 1.5 வோல்ட் செல்லில் பார்த்துவிடலாம். டிரைவரின் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். இரண்டு கோனும் ஒரே திசையில் துள்ள வேண்டும். ஒன்று மாறியிருந்தால் பாடகர் நடுவில் நிற்காமல் தலையின் இரண்டு ஓரத்துக்கும் சிதறிப்போவார்.

கடைசியில் மிச்சமிருப்பதை ஈக்வலைசர்தான் சரிசெய்யும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட். கண்ணை மூடிக்கொண்டு இழுப்பதற்குப் பதிலாக ஒருமுறை அளந்துவிடுங்கள். ஒரு பலகையில் சின்னத் துளையிட்டு, எலக்ட்ரெட் மைக் ஒன்றை அதன் முகம் பலகையோடு சமமாக இருக்கும்படி பதியுங்கள். ஹெட்போனை அதன் மேல் அமர்த்தி, ரூம் ஈக்யூ விசார்ட் என்கிற இலவச மென்பொருளில் ஸ்வீப் (கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்ணும் ஏறிப் போகிற டோன்) ஓட்டுங்கள். வெறும் பலகை காது ஆகாது, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வருவதை நம்ப வேண்டாம். அதனால் ஒரு குறுக்குவழி: நன்றாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்த, இதே அளவு பேட் உள்ள ஒரு கடை ஹெட்போனை அதே பலகையில் முதலில் அளந்து வையுங்கள். அந்தக் கோடுதான் இலக்கு. உங்களுடையதை அதன் பக்கம் கொண்டுபோகப் பாருங்கள். பெரும்பாலும் 300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை நன்றாக இறக்கி, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏற்ற வேண்டி வரும். ஏற்றுவதைவிட இறக்குவதை அதிகம் செய்யுங்கள். பாஸ் கோடு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்தால் ஈக்வலைசரைத் தொடாதீர்கள், அது கசிவு. 30 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டுக் கப்பைக் கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் ஏறினால் பேட்டோ டிரைவர் உதடோ ஒழுகுகிறது.

காதைத் தொடாமல், சற்றுத் தள்ளி டிரைவரைத் தொங்கவிட்டால் என்ன என்றும் தோன்றலாம். வியன்னாவின் ஏகேஜி 1989-இல் கே1000 என்று அப்படி ஒன்று செய்தது. அதை ஸ்பீக்கர் ஆம்பிலேயே மாட்ட வேண்டியிருந்தது. குரல், வயலின் எல்லாம் தலைக்கு வெளியே நிற்கிற மாதிரி கேட்கும், அண்டா ஒலி கிட்டே வராது. ஆனால் முன்னால் போகிற ஒலியும் பின்னால் போகிற ஒலியும் ஓரமாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் பாஸ் மெலிந்துவிடும். உங்களிடம் இருப்பது தூரம் போய் வரக்கூடிய ரப்பர் சரவுண்ட் கோன் என்பதால், சொல்லப்போனால், இந்த வடிவத்துக்குத்தான் அது இயல்பாகப் பொருந்தும். பாஸ் மேல் பெரிய ஆசை இல்லையென்றால் நான் இதைத்தான் முதலில் செய்து பார்ப்பேன். பேட் செலவும் மிச்சம்.

எதைச் செய்தாலும் முதல் தடவை சோதிக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு சுவிட்ச் போடாதீர்கள். 3 வாட் ஆம்பில் ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டிய ஸ்பீக்கர், காதருகில் 110 டெசிபெலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். ஹெட்போனை மேசையில் வையுங்கள், மல்டிமீட்டரில் ஆம்ப் வெளியீட்டின் டிசி வோல்டேஜைப் பாருங்கள், சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் மாட்டவே வேண்டாம். அது சரியென்றால் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, ‘டப்’ என்கிற சத்தம் அடங்கிய பிறகு எடுத்துத் தலையில் மாட்டுங்கள்.